பொற்றுணிக்கைகளின் பளிங்கமைப்பும் இரசாயன முறையால் அதனை மாற்றுதலும்

உலோகங்களுள் மாறாத்தன்மைக்குப் பொன்னைப் போற் பெயர்பெற்றது பிறிதொன்றில்லை. அது காற்றிற் கிடந்து கறுப்பதில்லை. நீரில் அமிழ்ந்து துருப்பிடிப்பதுமில்லை. நைத்திரிக்கமிலமேனும் ஐதரோகுளோரிக்கமிலமேனும் தனித்து நின்று அதனைக் கரைக்கமாட்டா. இரண்டுங் கலந்த அரசநீரே அதனைக் கரைக்க வல்லது. பொற்கொல்லன் அதனை உலையிலிட்டு உருக்கினும், சம்மட்டியால் அடித்துத் தகடாக்கினும், அச்சிலிட்டுக் கம்பியாக இழுப்பினும் பொன் பொன்னாகவே எஞ்சுகின்றது. புறவடிவம் எத்துணை மாறினும் அதனுள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கும் மாறுவதில்லை. அவ்வொழுங்கைக் குலைத்துப் பிறிதோர் ஒழுங்கிற்குக் கொண்டுவருதற்கு எத்துணை அமுக்கம் வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டில் அளந்தறியப்பட்டது. வைரக்கற்கள் இரண்டினிடையே பொன்னை வைத்து நெருக்கியபோது, வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய 24 இலட்சம் மடங்கான அமுக்கத்திலேயே அது தன் அமைப்பை விட்டு அறுகோண அமைப்பை எய்தத் தொடங்கிற்று.

இது பெரும் பொற்கட்டிக்குரிய செய்தி. பொன்னை ஒரு மில்லிமீற்றரின் சில இலட்சத்திலொரு பங்கு பருமனுள்ள துணிக்கையாக்கிவிட்டால் நிலைமை முற்றிலும் வேறாகின்றது. உலையும் வேண்டா, அமுக்கப்பொறியும் வேண்டா. சாதாரண அறைவெப்பநிலையிலே, ஒரு கண்ணாடிக் குடுவையினுள்ளே, துணிக்கையைப் போர்த்தியிருக்கும் மூலக்கூறுகளை நீக்கி வேறு மூலக்கூறுகளைப் போர்த்துவதாலேயே உள்ளிருக்கும் அணுக்களின் அடுக்குமுறை மாறிவிடுகின்றது. மேலாடையை மாற்றியதும் உடலின் எலும்புக்கூடே மாறிற்று என்றாற்போன்ற இச்செய்தி முதற்கண் நம்புதற்கரியதாகத் தோன்றும். அஃது எங்ஙனம் இயல்வதாயிற்று என்பதையும், அதனை மெய்யென நிறுவுதல் எத்துணைக் கடினமாயிருந்தது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பளிங்கமைப்பு என்பது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். சந்தையிலே தோடம்பழங்களைக் குவித்து வைக்கும் வியாபாரி அதனை அறியாமலே அறிந்தவனாகின்றான். அவன் பலகையின்மேல் ஒரு தட்டுப் பழங்களை ஒன்றோடொன்று தொடுமாறு பரப்புகின்றான். அடுத்த தட்டுப் பழங்களை முதற்றட்டின் பள்ளங்களில் அமர்த்துகின்றான். இவ்வாறு அமர்த்துங்கால், முதற்றட்டிலுள்ள பள்ளங்களுள் ஒன்றுவிட்டொன்றே நிரம்பும். எஞ்சிய பள்ளங்கள் வெறுமையாகவே இருக்கும். மூன்றாந் தட்டை வைக்கும்போது அவனுக்கு இருவழிகள் உள்ளன. அதன் பழங்கள் முதற்றட்டின் பழங்களுக்கு நேர்மேலே அமையலாம். அல்லது முதற்றட்டில் நிரம்பாது நின்ற பள்ளங்களுக்கு நேர்மேலே அமையலாம். முதலாம் இடத்தை அ எனவும், இரண்டாம் இடத்தை ஆ எனவும், மூன்றாவதை இ எனவும் குறித்தால், முந்திய வழியிற் பிறப்பது அஆ அஆ என்னும் அடுக்கு. பிந்திய வழியிற் பிறப்பது அஆஇ அஆஇ என்னும் அடுக்கு. முந்தியது அறுகோண நெருங்கடுக்கு எனவும், பிந்தியது முகமையக் கனசதுர அடுக்கு எனவும் வழங்கும். நாகமும் மகனீசியமும் முந்தியதைச் சார்ந்தவை. பொன்னும் வெள்ளியும் செம்பும் பிந்தியதைச் சார்ந்தவை.

இரண்டு அடுக்கிலும் ஒவ்வோர் அணுவும் பன்னிரண்டு அயலணுக்களைத் தொடுகின்றது. இரண்டிலும் இடத்தின் நூற்றுக்கு 74 பங்கு நிரம்பியிருக்கின்றது. இதனினும் நெருக்கமாகக் கோளங்களை அடுக்கவியலாது என 1611ஆம் ஆண்டிலே கெப்ளர் கருதினார். அக்கருத்தைக் கணிதவியலார் முற்றாக நிறுவுதற்கு நானூறு ஆண்டுகள்வரை சென்றன. ஈண்டு மனத்திற் கொள்ளத்தக்கது இதுவே: இவ்விரு அடுக்குகளுக்கும் இடையேயுள்ள சக்தி வேறுபாடு மிகவுஞ் சிறிது. அயலணுக்களின் தொகை ஒன்றேயாதலின், வேறுபாடு அதற்கப்பாலுள்ள அணுக்களின் நிலையிலேயே தோன்றுகின்றது. பொன் கனசதுர அடுக்கைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணமாய சக்திமிகுதி அணுவொன்றிற்கு அற்பமே. பொற்கட்டியிலே கோடிகோடி அணுக்கள் இருத்தலின் அவ்வற்பமெல்லாம் ஒருங்குகூடிப் பெருந்தடையாகின்றது. துணிக்கையிலோ அணுக்கள் சில ஆயிரமே.

பொன்னின் அடுக்கை மனிதன் கண்டறிந்தது 1912ஆம் ஆண்டிற்குப் பின்னரேயாகும். அவ்வாண்டிலே மாக்ஸ் வொன் லாவே என்னும் ஜேர்மானிய அறிஞரின் கருத்தைத் தழுவிப் பளிங்கொன்றினூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தியபோது, அவை சிதறி ஒழுங்கான புள்ளிகளாகப் படத்தில் விழுந்தன. வில்லியம் ஹென்றி பிராக்கும் அவர் மைந்தர் வில்லியம் லோறன்ஸ் பிராக்கும் அப்புள்ளிகளைக்கொண்டு அணுக்களின் இருப்பிடங்களைக் கணிக்கும் முறையை வகுத்தனர். தந்தையும் மைந்தரும் 1915ஆம் ஆண்டின் நோபெற் பரிசை ஒருங்கே பெற்றபோது மைந்தருக்கு வயது 25. அம்முறையால் அளக்கப்பட்ட பொன்னின் கனசதுர அலகின் பக்கம் 0.408 நனோமீற்றர், அடுத்தடுத்த அணுக்களின் மையங்களுக்கிடையேயுள்ள தூரம் 0.288 நனோமீற்றர். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்திலட்சத்திலொரு பங்கு.

பொற்கொல்லன் அடிக்க அடிக்கப் பொன் வன்மையுறுவதும், தீயிற் காய்ச்சியதும் மீண்டும் மென்மையுறுவதும் யாவரும் அறிந்தவை. இவை அடுக்குமுறையின் மாற்றங்கள் அல்ல. ஒரு பொற்றகடு எண்ணிறந்த சிறு பளிங்குகளின் தொகுதி. அடிக்குங்கால் அப்பளிங்குகள் நசுங்கி அவற்றிற் குறைகள் மலிகின்றன. காய்ச்சுங்காற் குறைகள் நீங்கிப் புதுப்பளிங்குகள் வளர்கின்றன. ஒவ்வொரு பளிங்கினுள்ளும் அஆஇ என்னும் வரிசை அப்படியே நிற்கின்றது.

பொன்னின் நிறம் மாறுதலும் அடுக்கு மாறுதலும் வெவ்வேறு என்பதை ஈண்டே வற்புறுத்தல் நன்று. இவ்விரண்டையும் மயங்கிக் கொள்வோர் பலர். மைக்கேல் பரடே 1857ஆம் ஆண்டில் வேத்தியற் கழகத்தில் நிகழ்த்திய பேருரையில், பொற்குளோரைட்டுக் கரைசலைப் பொசுபரசினால் தாழ்த்திப் பெற்ற செந்நிறத் திரவத்தைக் காட்டினார். கெம்பின் நிறம் வாய்ந்த அத்திரவத்தில் மிதப்பன பொன்னின் நுண்டுணிக்கைகளே என அவர் உய்த்துணர்ந்தார். அத்துணிக்கைகளை எந்த நுணுக்குக்காட்டியாலுங் காணவியலாத காலத்தில் இம்முடிவிற்கு வந்தமை அவர் அறிவின் கூர்மையைக் காட்டும். அத்திரவத்தில் உப்பைச் சிறிதளவு இட்டதும் செந்நிறம் நீலமாயிற்று. துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் ஒளியை அவை உறிஞ்சும் விதம் மாறுகின்றது. ஒவ்வொரு துணிக்கையின் உள்ளடுக்கும் மாறியதென்று கொள்ளுதற்கு இடமில்லை. அவ்வுரையிலேயே பரடே கூறிய மற்றொரு செய்தியும் சுவையுடையது. மெல்லிய பொற்றாளினூடே பார்த்தால் ஒளி பச்சையாகத் தோன்றும். அத்தாளைக் கண்ணாடியின்மேற் பரப்பிச் சூடாக்கப் பச்சை மறைந்தது. சூடாக்கிய தாளை வழவழப்பான கல்லினால் அழுத்தித் தேய்க்கப் பச்சை மீண்டது. இதுவும் தாளின் துணிக்கைகள் திரண்டும் பரந்தும் நின்ற வேறுபாடேயாகும். பரடே ஆக்கிய செந்நிறத் திரவங்கள் சில இலண்டனில் உள்ள வேத்தியல் நிறுவகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

பரடேயின் பின்னர்ப் பொற்கூழை ஆராய்ந்தவர்களுள் சிக்மொண்டி தலைசிறந்தவர். மீநுணுக்குக்காட்டியை இயற்றித் துணிக்கைகளின் ஒளிர்வைக் கண்ணுக்குப் புலனாக்கிய அவர் 1925ஆம் ஆண்டின் நோபெற் பரிசைப் பெற்றார். 1951ஆம் ஆண்டிலே துர்க்கெவிச் என்பாரும் துணைவரும் கொதிக்கும் பொற்குளோரைட்டுக் கரைசலிற் சித்திரேற்று உப்பை ஊற்றி, ஏறக்குறைய ஒரே பருமனுள்ள துணிக்கைகளை ஆக்கும் எளியமுறையை ஆராய்ந்து விளக்கினர். இன்றும் மாணவர் ஆய்வுகூடங்களிற் பயில்வது இம்முறையே. சித்திரேற்று ஈரிடத்தில் தொழிற்படுகின்றது: பொன்னைத் தாழ்த்துகின்றது; பிறந்த துணிக்கையைப் போர்த்து, அயற்றுணிக்கையோடு ஒட்டாமற் காக்கின்றது. போர்வையற்ற பொற்றுணிக்கை கரைசலில் நெடிது தனித்து நில்லாது. ஆகவே நுண்டுணிக்கை என்பது பொன் மாத்திரம் அன்று. பொன்னும் போர்வையும் சேர்ந்ததொரு பொருள் என்பது தொடக்கத்திலிருந்தே உண்மையாயினும், அவ்வுண்மையின் ஆழம் அரைநூற்றாண்டு கழிந்தபின்னரே உணரப்பட்டது.

துணிக்கை சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பின் ஆட்சி ஓங்குகின்றது. இதனை எண்களாற் காணலாம். ஓர் அணுவைச் சூழப் பன்னிரண்டு அணுக்களை வைத்தால் 13 அணுக் கூட்டமாகும். அதில் 12 மேற்பரப்பில் உள்ளன. அதன்மேல் ஓர் உறை சேர்ப்பின் மொத்தம் 55, மேற்பரப்பில் 42. அடுத்த உறையோடு 147, மேற்பரப்பில் 92. இவ்வாறே செல்ல, 923 அணுக்களைக் கொண்ட துணிக்கையிலும் 362 அணுக்கள், அஃதாவது நூற்றுக்கு 39 பங்கு, புறத்தே நிற்கின்றன. புறத்தே நிற்கும் அணுவிற்குப் பன்னிரண்டு அயலார் இல்லை; குறைந்த அயலாரால் அது நிறைவுறாது நிற்கின்றது. அந்நிறைவின்மையே மேற்பரப்புச் சக்தி எனப்படுவது. துணிக்கையானது உள்ளணுக்களின் விருப்பத்திற்கும் புறவணுக்களின் விருப்பத்திற்கும் இடையே ஓர் உடன்பாட்டை நாடுகின்றது. பெருங்கட்டியில் உள்ளணுக்களின் சொல்லே செல்லும், நுண்டுணிக்கையில் அவ்வாறன்று.

அவ்வுடன்பாட்டின் பயனாகப் பெரும்பளிங்கில் ஒருபோதும் இடம்பெறாத வடிவங்கள் தோன்றுகின்றன. சமபக்க நான்முகிகள் ஐந்தை ஒரு பொதுவிளிம்பைச் சுற்றி ஒட்டினாற் பத்துமுகி பிறக்கும். நான்முகியின் முகங்களுக்கிடையேயுள்ள கோணம் 70.53 பாகை, ஐந்து மடங்கு 352.65 பாகையே. முழுவட்டத்திற்கு 7.35 பாகை குறைகின்றது. துணிக்கை அவ்விடைவெளியைத் தன் அணுக்களைச் சிறிது இழுத்து மூடிவிடுகின்றது. நான்முகிகள் இருபதைக் கூட்டினால் இருபதுமுகி. அதன் திரிபு இன்னும் மிகுதி. இத்திரிபிற்குச் செலவாகும் சக்தியைப் புறமுகங்கள் யாவும் நெருங்கியடுக்கிய முகங்களாக அமைவதால் வரும் ஆதாயம் ஈடுசெய்கின்றது. துணிக்கை வளர வளரத் திரிபின் செலவு ஆதாயத்தை விஞ்சும். அப்போது கனசதுர அடுக்கே வெல்லும். மக்கே 1962ஆம் ஆண்டில் இருபதுமுகியின் அடுக்கைக் கணிதமுறையால் விளக்கினார். 1966ஆம் ஆண்டளவில் ஜப்பானிய அறிஞர் இனோ ஆவியிலிருந்து படிந்த பொற்றுணிக்கைகளில் இத்தகைய வடிவங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் கண்டார்.

இவ்வடிவங்களுள் ஒன்றிற்கும் மற்றொன்றிற்கும் இடையேயுள்ள தடை பெரிதன்று. 1976ஆம் ஆண்டில் பூபா, போறெல் என்னும் இருவரும் சில நனோமீற்றர் அளவான பொற்றுணிக்கைகள், பொன்னுக்குரிய 1064 பாகை சதமத்தினும் பல நூறு பாகை தாழ்ந்த வெப்பநிலையில் உருகுவதை அளந்து காட்டினர். 1986ஆம் ஆண்டில் இயிஜிமாவும் இச்சிகாசியும், இரண்டு நனோமீற்றர் அளவான துணிக்கை நுணுக்குக்காட்டியின் கீழே கணந்தோறும் வடிவு மாறுவதை அசையும் படமாகப் பதிந்தனர். திண்மம் என எண்ணப்பட்ட பொருள் ஓர் அமீபாவைப் போல் உருமாறிக்கொண்டிருந்தது.

அவ்வசையும் படம் வியப்பை விளைத்ததோடு ஓர் ஐயத்தையும் விளைத்தது. துணிக்கையைக் காண்பதற்கு இலத்திரன் கற்றையை அதன்மேற் பாய்ச்சவேண்டும். அக்கற்றை சக்தியைக் கொண்டுவருகின்றது. ஆகவே கண்ட மாற்றம் துணிக்கைக்கு இயல்பானதா, கற்றையால் விளைந்ததா? எக்ஸ் கதிரால் ஆராயின் இவ்விடர் குறைவு. ஆயின் துணிக்கை சிறுத்தவழிக் கோணலாற் பெறப்படும் கோடுகள் அகன்று ஒன்றின்மேலொன்று படிந்துவிடுகின்றன என்பதை 1918ஆம் ஆண்டிலேயே செறர் காட்டியிருந்தார். கற்றையால் நன்கு காணலாம், ஆனால் கண்டதை முற்றும் நம்பவியலாது. கதிரால் நம்பத்தகுந்தவாறு அளக்கலாம், ஆனால் தெளிவாகக் காணவியலாது. இத்துறையின் வரலாறு முழுவதிலும் இவ்விடர்ப்பாடு ஊடுருவிச் செல்கின்றது. இரசாயனப் பொருளால் அடுக்கு மாறியது என எவரேனுங் கூறின், முதலில் எழவேண்டிய வினா, நுணுக்குக்காட்டியே அம்மாற்றத்தை விளைக்கவில்லை என்பதற்குச் சான்று யாது என்பதே.

இனிப் போர்வையின் செய்திக்கு வரலாம். பொன்னோடு மிக உறவுடைய தனிமம் கந்தகம். கந்தகமும் ஐதரசனும் ஓர் காபன் சங்கிலியின் முனையிற் பொருந்திய சேர்வைகள் தயோல்கள் எனப்படும். நுசோவும் அலாராவும் 1983ஆம் ஆண்டில், கந்தகம் பொருந்திய சேதனச் சேர்வைகள் பொன்மேற்பரப்பில் தாமாகவே ஒழுங்குபட்டு ஓரணு உறைபோற் படிவதைக் காட்டினர். 1994ஆம் ஆண்டில் லிவர்ப்பூலிலே புறூஸ்ற், சிவ்ரின் ஆகியோரும் துணைவரும் தயோல் போர்த்த பொற்றுணிக்கைகளை ஆக்கும் முறையை வெளியிட்டனர். அத்துணிக்கைகளை உலர்த்தித் தூளாக்கி வைத்து, வேண்டும்போது மீண்டும் கரைக்கலாம். உப்புப் போலவும் சீனி போலவும் பொன்னைக் கையாளும் வழி பிறந்தது.

நெடுங்காலம் தயோல் பொன்னின்மேல் வெறுமனே குந்தியிருப்பதாகவே கருதப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கோர்ன்பேர்க் குழுவினர், 102 பொன்னணுக்களும் 44 தயோல்களும் கொண்ட துணிக்கைகளை உப்பைப் போலப் பெரும்பளிங்காக வளர்த்து, எக்ஸ் கதிரால் ஒவ்வோர் அணுவின் இருப்பிடத்தையுங் கண்டனர். கண்டது எதிர்பார்த்ததன்று. தயோலின் கந்தகம் பொன்மேற்பரப்பிலிருந்து அணுக்களைப் பெயர்த்தெடுத்துத் தன்னோடு பிணைத்திருந்தது. கந்தகம், பொன், கந்தகம் என்னும் வரிசையில் அமைந்த சிறு வளைவுகள், தாள்களைப் பிணைக்கும் கம்பியூசிகளைப் போல, உட்கருவின்மேற் குத்தி நின்றன. உட்கருவின் நடுவிலே 49 அணுக்கள் பத்துமுகியாக அமைந்திருந்தன. கந்தகத்திற்கும் பொன்னுக்குமுள்ள பிணைப்பின் வலிமை, பொன்னுக்கும் பொன்னுக்குமுள்ள பிணைப்பின் வலிமையோடு ஒப்பிடத்தக்கது. ஆதலால் தயோல் போர்வை என்னுஞ் சொல்லே ஒருவகையிற் பிழை. அது போர்வையன்று, கட்டடத்தின் ஓர் உறுப்பு. உறுப்பை மாற்றினாற் கட்டடமும் மாறுதல் இயல்பேயன்றோ?

இதற்கு மிகத் தெளிந்த எடுத்துக்காட்டு சிங்கப்பூரிலே கிடைத்தது. 2011ஆம் ஆண்டில் நன்யாங் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹுவா சாங் குழுவினர், கிராபீன் ஒட்சைட்டுத் தாள்களின்மேல், ஒலயிலமைன் என்னும் நீண்ட சங்கிலி அமைன் சூழ, பொன்னைச் சதுரத் தகடுகளாக வளர்த்தனர். தகட்டின் பக்கம் 200 முதல் 500 நனோமீற்றர், தடிப்போ 2.4 நனோமீற்றர் மாத்திரம், அஃதாவது பதினாறு அணுவடுக்கு. அத்தகடுகளின் உள்ளே இருந்தது அஆஇ அன்று. நாகத்திற்கும் மகனீசியத்திற்கும் உரிய அஆ அஆ என்னும் அறுகோண அடுக்கு. வைரக்கற்களின் இடையே 24 இலட்சம் மடங்கு அமுக்கத்தில் தோன்றிய அமைப்பு, குடுவையினுள்ளே சாதாரண அமுக்கத்தில் நின்றது. நுணுக்குக்காட்டியின் கற்றை நெடிது பட்டபோது அது கனசதுர அடுக்காக மாறியமையும் அக்குழுவினராலேயே அறிவிக்கப்பட்டது. மேலே கூறிய ஐயம் வெற்றையமன்று என்பது இதனாற் போதரும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டில், அதே குழுவினர் தகடுகளைப் போர்த்திய அமைனை நீக்கித் தயோலைப் போர்த்தினர். வெப்பம் ஊட்டப்படவில்லை, அமுக்கம் கூட்டப்படவில்லை. தகடுகள் முற்றாகக் கனசதுர அடுக்கை எய்தின. அமைன் பொன்னை மெல்லப் பற்றுவது. தயோல் இறுகப் பற்றுவது. பதினாறு அடுக்கில் இரண்டு புறத்தே நிற்பவை. அவற்றின் இழுவிசை மாறியதும் அறுகோண அடுக்கைத் தாங்கிநின்ற சமநிலை குலைந்தது என விளங்கிக்கொள்ளலாம்.

இம்மாற்றத்தின் நுணுக்கம் சற்று ஊன்றி நோக்கத்தக்கது. அறுகோணத் தகட்டிலே நெருங்கியடுக்கிய தளங்கள் தகட்டின் முகத்திற்குச் சமாந்தரமாகக் கிடப்பனவல்ல; நூல்நிலையத் தட்டிலே புத்தகங்கள் நிற்பதுபோல் முகத்திற்குச் செங்குத்தாக நிற்பன. அஆ அஆ என்பதை அஆஇ ஆக்குதற்கு எளிய வழி, அத்தளங்கள் ஒன்றன்மேலொன்று சிறிது வழுக்குதல். அவ்வாறு வழுக்குதல் மாத்திரமே நிகழ்ந்திருப்பின் தகட்டின் முகத்தில் நீள்சதுர வலையாக அணுக்கள் நிற்கவேண்டும். தயோல் போர்த்த தகட்டின் முகத்திற் காணப்பட்டதோ நேர்ச்சதுர வலை. ஆகவே தளங்கள் வழுக்கியதோடமையாது, அணுக்கள் தம் இருப்பிடத்தையும் திசையையும் மாற்றித் தகடு முழுவதும் புதுவொழுங்கு பெற்றிருத்தல் வேண்டும். தயோலுக்குப் பதிலாக வெள்ளியை மெல்லிய உறையாகப் பூசியபோதும் அடுக்கு மாறிற்று. ஆனால் பூசுங்கால் உடனிருந்த மேற்பரப்புச் சேர்வை எது என்பதைப் பொறுத்து இருவேறு விளைவுகள் தோன்றின. ஒருவகையில் நேர்ச்சதுர வலை. மற்றொருவகையில் அறுகோண அடுக்கும் கனசதுர அடுக்கும் கலந்த தகடு. தொடங்கிய பொருள் ஒன்றே, பூசிய உலோகம் ஒன்றே, வழிகள் இரண்டு. கற்றையே காரணமாயின் இவ்வேறுபாட்டிற்கு இடமேது? மாற்றம் இரசாயனப் பொருளாலாயது என்பதற்கு இதுவே வலிய சான்றெனலாம்.

இன்னும் சிறிய துணிக்கைகளிற் கற்றையின் துணையே வேண்டாது மாற்றத்தைத் தொடர்ந்தறியலாம். 38 பொன்னணுக்களும் 24 தயோல்களும் கொண்ட துணிக்கை ஒன்றுண்டு. அதன் உட்கரு, இரண்டு இருபதுமுகிகள் ஒரு முகத்தாற் கூடியது; 23 அணுக்களைக் கொண்டது. அமெரிக்காவிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரொங்சாவோ ஜின் குழுவினர் இத்துணிக்கையை வேறொரு தயோலோடு 80 பாகை சதமத்தில் வைத்தனர். பழைய தயோலிலும் பென்சீன் வளையம் உண்டு, புதியதிலும் உண்டு. பழையதிற் கந்தகத்திற்கும் வளையத்திற்கும் இடையே இரண்டு காபன்கள்; புதியதிற் கந்தகம் வளையத்தோடு நேரே பிணைந்து, வளையத்தின் மறுமுனையிற் பருத்த கிளையொன்று நின்றது. வேறுபாடு இவ்வளவே. விளைந்தது 36 பொன்னணுக்களும் 24 தயோல்களும் கொண்ட புதுத்துணிக்கை. அதன் 28 அணு உட்கருவோ இருபதுமுகியன்று, பொற்கட்டிக்குரிய கனசதுர அடுக்கு.

2013ஆம் ஆண்டில் அவர்கள் இம்மாற்றத்தின் படிகளைத் திணிவு நிறமாலைமானியால் அளந்து வெளியிட்டனர். முதலிற் பழைய தயோல்கள் ஒவ்வொன்றாக நீங்கிப் புதியவை அமர்கின்றன. அப்போது பொன்னணுக்கள் 38 ஆகவே உள்ளன. புதியவை பெருகியதும் உட்கரு திரிபுறுகின்றது. மூன்றாம் படியில் ஒரு துணிக்கை இரண்டு பொன்னணுக்களை இழந்து 36 ஆக, மற்றொன்று அவ்விரண்டையும் ஏற்று 40 ஆகின்றது. இறுதியில் 40 அணுத் துணிக்கைகளும் 36 ஆக ஒடுங்குகின்றன. விளைவு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். குடுவையில் உள்ள எண்ணிறந்த துணிக்கைகளும் ஒரே எண்ணில் வந்து நிற்பது, வேதியியலார் பலரைத் திகைக்க வைத்தது. இதே தயோல், 25 அணுத் துணிக்கையை 28 அணுத் துணிக்கையாக மாற்றுவதும் கண்டறியப்பட்டது. அங்கும் இருபதுமுகிக் கரு மறைந்து கனசதுரக் கரு பிறந்தது.

ஈண்டு ஓர் எதிர்வினா எழலாம். தயோலும் மாறி அணுத்தொகையும் மாறினால், துணிக்கையின் குணவேறுபாட்டை அடுக்கிற்கு ஏற்றுவது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவிற்கு விடை 2015ஆம் ஆண்டிலே சீனாவிலிருந்து வந்தது. அதே 38 பொன்னணுக்களும் அதே 24 தயோல்களும் கொண்டு, ஆனால் முற்றிலும் வேறான அடுக்குடைய துணிக்கை ஒன்று ஆக்கப்பட்டு எக்ஸ் கதிரால் ஆராயப்பட்டது. சேதன இரசாயனத்தில் ஒரே சூத்திரமும் வேறு அமைப்பும் உடைய சமபகுதியங்கள் நெடுநாளாக அறியப்பட்டவை. உலோகத் துணிக்கையில் அத்தகைய இணை இதற்கு முன்னர் இவ்வாறு பளிங்காக்கி நிறுவப்படவில்லை. புதியதை 50 பாகை சதமத்திற் கரைசலில் வைத்தபோது அது பழையதாக மாறிற்று. பழையது புதியதாக மீளவில்லை. நைத்திரோபீனோல் என்னும் பொருளைத் தாழ்த்தும் தாக்கத்திற்கு, தாழ்ந்த வெப்பநிலையில், புதியது ஊக்கியாகத் தொழிற்பட்டது. அவ்வெப்பநிலையிற் பழையதன் வலிமை அதனினும் மிகக் குறைவு. அணுக்கள் ஒன்றே, தயோல்கள் ஒன்றே. அடுக்கு ஒன்றே வேறு.

ஊக்கி என்றவிடத்து இவ்வாராய்ச்சியின் பயன் வெளிப்படுகின்றது. மந்தவுலோகம் எனப்பட்ட பொன், நுண்டுணிக்கையாகி ஒட்சைட்டுகளின்மேற் படிந்தவழிக் காபனோரொட்சைட்டை மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் ஒட்சியேற்றுவதை 1987ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த ஹருத்தா வெளியிட்டார். அதன்பின் பொன்னூக்கிகளைப் பற்றிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அவற்றுட் பலவற்றில் துணிக்கையின் பருமன் கூறப்பட்டது. உள்ளடுக்கு எதுவென ஆராயப்படவில்லை. மருத்துவ ஆராய்ச்சியிலும் இதுவே நிலை. சித்திரேற்றாற் போர்த்த துணிக்கையை எடுத்து, அதனை நீக்கித் தயோலைப் பிணைத்து, அத்தயோலின் மறுமுனையிற் புரதத்தையோ மருந்தையோ கட்டுதல் நாள்தோறும் நிகழும் வேலை. போர்வை மாறினும் உள்ளே பொன் முன்போலவே இருக்கும் என்னும் எண்ணம் அவ்வேலையின் அடியிற் கிடக்கின்றது. பருத்த துணிக்கைகளுக்கு அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். இரண்டு மூன்று நனோமீற்றர் அளவான துணிக்கைகளுக்கு, அளந்து பார்த்தாலன்றி அவ்வாறு கொள்ளுதல் தகாது.

சிங்கப்பூர்க் குழுவினர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மாற்றத்தை வேறொரு திசையிற் கொண்டுசென்றது. அவர்கள் பொன்னை மெல்லிய நாடாக்களாக வளர்த்தனர். அந்நாடாக்களின் அடுக்கு அஆஇஆ என நான்கு தளங்களுக்கொருமுறை மீள்வது. பொன்னில் அதற்கு முன் எவருங் காணாதது. தயோலைப் போர்த்ததும் இந்நாடாக்களும் கனசதுர அடுக்கிற்கு மாறின. ஆனால் தயோலைப் போர்த்தாது, நாடாக்களின்மேல் வெள்ளி, பல்லேடியம், பிளாற்றினம் ஆகியவற்றைப் படியவிட்டபோது, அவ்வுலோகங்கள் தமக்குரிய கனசதுர அடுக்கைத் துறந்து அடியிலுள்ள பொன்னின் நான்கடுக்கையே பின்பற்றி வளர்ந்தன. போர்வையால் வசப்பட்ட பொன் இங்கே தானே அச்சாக நின்று பிற உலோகங்களை வசப்படுத்திற்று.